பாடப்படாத பாட்டு

ஜெர்மானிய ஸங்கீத மேதை யோஹான் ஸெபாஸ்டியன் பாஹ் இயற்றிய ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ என்னும் தொகுதியின் முதற் புத்தகத்தில் இருபதாவதாக அமைந்த ஃப்யூக் என்னும் இசையுருப்படி ஒன்றைக் கனடா தேசத்துப் பியானோ வித்வான் கிளென் கூல்டு 1960களில் ஒலிப்பதிவு செய்தபோது, பலமுறை வாசித்துப் பதிந்தவற்றுள் ஆறாவதும் எட்டாவதும் ஆகிய இரண்டே ஏற்கத்தக்கவையாகத் தேறின. ஆறாவதில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைந்து, கனத்த கம்பீரத்தோடு நடந்தன. எட்டாவதிலோ அவையே தனித்தனியே தெறித்து, காரணமில்லாத குதூகலத்தோடு ஓடின. சில வாரங்கள் கழித்து அவ்விரண்டையும் பொறுமையாகக் கேட்ட கூல்டு, ஒவ்வொன்றும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே பாவத்தில் நின்று சலிப்பூட்டுவதைக் கண்டார். இரண்டின் காலப்பிரமாணமும் ஏறக்குறைய ஒத்திருந்தமையால், தொடக்கத்தையும் முடிவையும் ஆறாவதிலிருந்தும் நடுப்பகுதியை எட்டாவதிலிருந்தும் எடுத்துக் காந்த நாடாவில் வெட்டி ஒட்டச் செய்தார். இச்செய்தியை 1966-இல் தாம் எழுதிய கட்டுரை ஒன்றில் அவரே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை, பெருமிதமே தெரிகிறது.

அந்த ஃப்யூக்கை அவர் எந்த வேளையில் வாசித்தார் என்று ஒருவர் கேட்டால் விடை சொல்ல இயலாது. ஆறாவதை வாசித்த வேளை உண்டு. எட்டாவதை வாசித்த வேளையும் உண்டு. நாம் கேட்டு மகிழ்வதை வாசித்த வேளை என்று ஒன்று காலத்தின் கணக்கில் இல்லவே இல்லை. நிகழ்ந்திராத ஒன்று ஸத்தியமாகுமா என்பதே இங்கே எழும் கேள்வி. ஸங்கீதத்தைப் பொழுதுபோக்காகக் கொள்வோர்க்கு இது வீண் விசாரமாகத் தோன்றலாம். நாதத்தை உபாஸனை என்று கொண்ட ஒரு நாட்டில், இறைவன் திருமுன் பாடவேண்டிய பாட்டையே பிளவுபடுத்திப் பதிந்து, பொறுக்கிச் சேர்த்து, அதையே விடியற்காலையில் கோயிற் கோபுரத்து ஒலிபெருக்கியில் ஓடவிடும் நமக்கு, இதைவிட அணுக்கமான தர்மவிசாரம் வேறு இருக்கமுடியாது.

கூல்டின் நாளில் இவ்வேலைக்குப் பிளேடும் ஒட்டுநாடாவும் பெருநிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமும் வேண்டியிருந்தன. 1991-இல் புரோ டூல்ஸ் என்னும் மென்பொருள் வந்தபின் அந்தப் பிளேடு கம்ப்யூட்டர் திரைக்குள் புகுந்தது; இன்று அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை மூலையில் கம்பளியைத் தொங்கவிட்டு ஒரு மைக்கை நிறுத்தியிருக்கும் இளைஞன் கையிலும் அது இருக்கிறது. திரையில் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. டிராக்குகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கின்றன: தம்பூராவுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. குரலின் டிராக்கை விரித்தால் அதன் அடியில் ஒரே பல்லவியின் ஒன்பது டேக்குகள், அதாவது ஒன்பது முறை பாடிப் பதிந்தவை, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும். எடுப்பை இரண்டாவதிலிருந்தும், நடுச்சொல்லை ஏழாவதிலிருந்தும், முடிப்பை ஐந்தாவதிலிருந்தும் தேர்ந்து மேலே ஏற்றி ஒரு பல்லவியாக்குவது எடிட்டர் என்று அழைக்கப்படுகிறவரின் அன்றாடத் தொழில்.

அத்தொழிலின் நுட்பத்தை அருகிருந்து பார்த்தவர் அதை வஞ்சகம் என்று எளிதில் சொல்லத் துணியமாட்டார். ஒரு டேக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவேண்டுமானால் முதலில் வெட்டுமிடத்தைத் தேடவேண்டும். க, த, ப போன்ற வல்லின ஒலிகள் வெளிப்படுமுன் வாய்க்குள் ஏதோ ஓரிடம் முற்றும் அடைபட்டு, மூச்சு ஒரு கணம் தேங்கி, பிறகே வெடித்துப் புறப்படுகிறது. அந்த அடைப்பிலே பிறக்கும் அற்ப மௌனத்தில் வெட்டினால் எந்தக் காதுக்கும் தெரிவதில்லை. ய, ல, ழ போன்ற இடையின ஒலிகளின் நடுவிலோ, நீண்டு இழையும் ஆகாரத்திலோ வெட்டினால் தழும்பு தெரிந்தே தீரும். குறுந்தகட்டுக்கு உரிய முறையில் ஒரு விநாடிக் குரல் 44,100 எண்களாகப் பதிவாகிறது. அவ்வெண்களால் வரையப்பட்ட அலை, நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டப்படாவிட்டால், ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். அதை மறைக்க ஒரு டேக்கைச் சில மில்லிஸெகண்டுகளில் தணித்து, அதே வேளையில் மற்றொன்றை உயர்த்திக் கிராஸ்ஃபேட் செய்கிறார்கள். இவ்வளவும் தேர்ந்த எடிட்டர் ஒருவர், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் பாடகரின் மூச்சொலிகளையெல்லாம் குப்பை என்று எண்ணி அழித்துவிடுவதைக் கண்டால் கடிந்துகொள்வார். மூச்சே வாங்காமல் ஐந்து நிமிஷம் பாடும் குரலைக் கேட்டால் கேட்பவனுக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

இனி, ஆக்ஷேபத்தின் வேரைப் பார்ப்போம். ஒரே வேளையில் நிகழாததை ஒன்றாகச் சேர்த்தது பொய் என்றால், ஒரே வேளையில் நிகழும் பாட்டு என்று எங்கேனும் உண்டா என்று கேட்கவேண்டியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலின் பதினோராம் பகுதியில் புனித அகஸ்தீனார் இதைத் தீவிரமாக ஆராய்கிறார். மனப்பாடமான துதிப்பாட்டு ஒன்றை ஒருவன் ஓதப் புகும்போது அது முழுவதும் எதிர்பார்ப்பாக அவன் உள்ளத்தில் விரிந்து கிடக்கிறது. ஓத ஓத ஒவ்வோர் அசையாக எதிர்பார்ப்பிலிருந்து கழன்று நினைவுக்குள் போய்ச் சேர்கிறது. நிகழ்காலம் என்று கையில் நிற்பதோ அவனது கவனம் ஒன்றே. முதலடி ஒலிக்கும்போது ஈற்றடி பிறக்கவில்லை. ஈற்றடி ஒலிக்கும்போது முதலடி இறந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு பாட்டு என்று சொல்வது உள்ளமே.

நம் நாட்டுத் தார்க்கிகர்கள் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார்கள். சப்தம் நித்தியமானது, உச்சரிப்பு அதைத் தோற்றுவிப்பதில்லை, வெளிப்படுத்துகிறது என்றனர் மீமாம்ஸகர். சப்தம் பிறந்து கணத்தில் மடியும் அநித்தியப் பொருள் என்றனர் நையாயிகர். இப்பெரும் வழக்கு வேதத்தின் பிராமாண்யத்தைப் பற்றியது, மிருதங்க டிராக்கைப் பற்றியதன்று என்பது எனக்குத் தெரியும்; ஆயினும் அதை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. மீமாம்ஸகரின் வழியே சென்றால் ஒன்பது டேக்குகளும் ஒரே பொருளின் ஒன்பது வெளிப்பாடுகள். அவற்றுள் தெளிந்தவற்றைத் தேர்ந்தெடுப்பதால் அப்பொருளுக்கு ஹானி ஏதுமில்லை. நையாயிகரின் வழியே சென்றாலோ, வெட்டாமல் ஒட்டாமல் பாடிய பாட்டும் அழிந்துபோன சப்தங்களின் வரிசையே. அவற்றை ஸ்மிருதிதான் கோத்துத் தருகிறது. மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரைச் சுட்டி, சக்கரமா தேர், அச்சா தேர், நுகமா தேர் என்று பௌத்தத் துறவி நாகஸேனர் கேட்ட கேள்வி பாட்டுக்கும் பொருந்தும். இம்மூவரும் வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள். இருந்தும், ‘ஒரே மூச்சில் நிகழவில்லை, ஆகையால் பொய்’ என்னும் வாதத்துக்கு இம்மூவரில் ஒருவரும் துணை நிற்கமாட்டார்.

இவ்வளவில் எடிட்டருக்கு விடுதலை கிடைத்துவிட்டதாக எண்ணவேண்டாம். இன்னும் கடினமான கேள்வி ஒன்று அவருடைய விசைப்பலகையிலேயே இருக்கிறது. அதன் பெயர் அன்டூ. செய்ததைச் செய்யாததாக்கும் அந்த விசையை ஒரு நாளில் எத்தனையோ முறை அழுத்துகிறவர், செய்த வினை செய்தவனை விடாது என்னும் கர்மஸித்தாந்தத்தை எங்ஙனம் உள்ளத்தில் ஏந்துவார்? நம் சாஸ்திரங்கள் பிராயச்சித்தம் விதித்தன. செய்ததைச் செய்யாததாக்கும் வழியை அவை எங்கும் கூறவில்லை. கிறிஸ்தவர்களின் பாவமன்னிப்பிலும் பாவம் பொறுக்கப்படுகிறதே ஒழிய, நடக்கவே இல்லை என்றாவதில்லை.

மென்பொருளும் உண்மையில் அப்படிச் செய்வதில்லை. திரையில் ஒரு டேக்கை வெட்டி எறியும்போது வட்டில் உள்ள மூலப்பதிவு தொடப்படாமலே இருக்கிறது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை ஒலிக்கவேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே மாறுகிறது. தள்ளப்பட்ட நான்காம் டேக்கு, பலன் கொடுக்கத் தொடங்காத ஸஞ்சிதம்போல, ஒலியாமல் கிடக்கிறது. அது மட்டுமா? நான்காம் டேக்கில் மேல் ஷட்ஜத்தில் குரல் பிசிறியதனால்தான் பாடகி ஐந்தாம் டேக்கில் மூச்சை முன்னதாக வாங்கினாள். ஐந்தில் அவசரம் தெரிந்ததனால்தான் ஏழில் நிதானம் கைகூடிற்று. மணிமேகலையின் இறுதிக் காதை பன்னிரு நிதானங்களைக் காரணகாரியத் தொடராக விரித்துச் சொல்கிறது; இது சார்ந்து அது தோன்றுகிறது என்னும் அந்த முறையில் பார்த்தால், நாம் கேட்கும் ஏழாம் டேக்கினுள்ளே, கேளாத நான்காம் டேக்கும் இருக்கிறது. அன்டூ விசை திரையைத் திருப்பி வைக்கும். பாடியவளின் தொண்டையையும் மனத்தையும் திருப்பி வைக்க அதற்கு அதிகாரம் இல்லை.

பதிவே ஸங்கீதமன்று என்னும் மாறான கட்சியின் மிகப் பெரிய சாட்சி, ருமானியாவில் பிறந்து மியூனிக் நகரத்து ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவை நெடுங்காலம் நடத்திய ஸெர்ஜியு செலிபிடாகே. ஸங்கீதம் அந்த மண்டபத்தில், அந்தக் கணத்தில், அந்தச் சபையோர் முன்னிலையில் பிறந்து மறைவது. அதைத் தட்டில் பிடித்து வைப்பது அதன் தன்மையையே அழிப்பது என்று அவர் வாழ்நாளெல்லாம் பிடிவாதமாக நின்றார். (1996-இல் அவர் மறைந்தபின் குடும்பத்தார் இசைவுடன் அவருடைய கச்சேரிப் பதிவுகள் வரிசையாகக் குறுந்தகடுகளில் வெளிவந்தன, நானும் அவரை அவ்வாறுதான் அறிந்தேன் என்பதை அவருடைய ஆத்மா பொறுப்பதாக.) மார்கழியில் சென்னை ஸபாக்களில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அவர் சொல்வது விளங்காமற் போகாது. நிரவலில் ஒரு வித்வான் எடுப்புக்கு வந்துசேரும் கணக்குத் தவறினால் அவருக்கு அன்டூ இல்லை. அத்தவறையே திருப்பி ஒரு ஸஞ்சாரமாக்கி அடுத்த ஆவர்த்தனத்தில் வந்து நிற்கவேண்டும், அதை மிருதங்கக்காரர் புரிந்துகொண்டு தாங்கவேண்டும். அந்த ஆபத்தில் பிறக்கும் அழகு ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறப்பதில்லை. செலிபிடாகே கச்சேரியைப் பற்றிச் சொன்னது யாவும் சரி என்றே எண்ணுகிறேன். கச்சேரி ஒன்றே ஸங்கீதம் என்றதுதான் மிகை. சிற்பி உளி தவறினால் வேறு கல் எடுப்பான், அதனால் சிற்பம் கலையல்ல என்று யாரும் சொல்வதில்லை.

அங்ஙனமாயின் பொய் எங்கே தொடங்குகிறது? 1952-இல் லண்டனில், வாக்னரின் ‘டிரிஸ்டான்’ இசைநாடகத்தை ஃபுர்ட்வேங்லர் நடத்த, நார்வே தேசத்துக் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் நாயகியாக ஒலிப்பதிவுக்குப் பாடினார். ஐம்பது வயதைக் கடந்துவிட்ட அவருக்கு உச்சஸ்தாயியின் இரண்டோர் ஸ்வரங்கள் எட்டாமற்போக, எலிஸபெத் ஷ்வார்ட்ஸ்காப்ஃ என்னும் மற்றொரு பாடகி அவற்றை மட்டும் பாடிக் கொடுத்தார். இசைத்தட்டு புகழ் பெற்றது. பின்னர் ரகசியம் வெளிவந்தது. ஃபிளாக்ஸ்டாட் மனம் நொந்தார். கூல்டின் ஒட்டையும் இந்த ஒட்டையும் எடை போட்டுப் பார்த்தால், ஒலியின் அளவில் இது மிகச் சிறியது, அது மிகப் பெரியது. ஆயினும் நம் மனம் இங்கேதான் துணுக்குறுகிறது. காரணம் ஒலியில் இல்லை, அட்டையில் இருக்கிறது. ஆப்தனாகிய ஒருவன் சொல்லும் சொல்லைப் பிரமாணமாகக் கொள்ளலாம் என்பர் நையாயிகர். இசைத்தட்டின் அட்டையில் அச்சிட்ட பெயரும் அத்தகைய ஆப்தவாக்கியமே. இக்குரல் இவருடையது என்று அது சாட்சி சொல்கிறது. கூல்டு தம் இரு நிலைகளைத் தாமே தேர்ந்து சேர்த்து, சேர்த்தேன் என்று சொல்லவும் செய்தார். அங்கே சாட்சி பிறழவில்லை.

ஆகவே விசாரிக்கத்தக்கது வெட்டும் ஒட்டும் அன்று. யார் தேர்ந்தார், என்ன கருதித் தேர்ந்தார் என்பதே. கர்மம் என்பது கருத்தே என்று புத்தர் பெருமான் உபதேசித்ததும் இப்பொருளில்தான். இதை நம் வீட்டுப் பூஜையறை அளவில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பாடகர் பஞ்சாக்ஷரத்தை ஒரே ஒரு முறை மைக்கின் முன் சொல்கிறார். எடிட்டர் அந்த ஒற்றைத் துண்டை லூப்பில் போட்டு, நூற்றெட்டாக நகலெடுத்து, தாளத்தில் பொருத்தி, பக்கவாத்தியம் சேர்த்து வெளியிடுகிறார். நடந்தது எத்தனை ஜபம்? என் தீர்ப்பு: சொன்னவருக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்றுமில்லை, வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே உடன் சொல்கிறவளுக்கு நூற்றெட்டு, அதை ஓடவிட்டுச் செய்தித்தாள் படிக்கிறவனுக்கும் ஒன்றுமில்லை. திபேத்தியர் மந்திரம் எழுதிய சுருளை உருளையில் அடைத்துச் சுழற்றுவதை இதற்கு எதிராகச் சிலர் காட்டுவர். அங்கும் உருளையைச் சுழற்றும் கை ஒன்று உண்டு. அந்தக் கையோடு மனமும் செல்லவேண்டும் என்பதே அவர்களுடைய ஆசாரியர்களின் போதனை.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், பழி சுமக்க வேண்டியது பிளேடு அன்று என்பது தெளியும். 1997-இல் ஆட்டோ-ட்யூன் என்னும் சுருதித் திருத்தி வெளிவந்தது; அதை இயற்றிய ஆண்டி ஹில்டிபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் இருக்குமிடத்தை அதிர்வலைகளால் துழாவும் கணிதத்தில் தேர்ந்தவர். விலகிய ஸ்வரத்தைக் கண்டறிந்து அருகிலுள்ள சரியான ஸ்தானத்துக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. விலகிய ஓரிடத்தை எடிட்டர் காதால் கேட்டுத் தீர்மானித்துத் திருத்தினால் அது திருத்தம். அதில் கருத்து உண்டு. முழு டிராக்குக்கும் அதைப் பூட்டிவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போனால், அங்கே தேர்ந்தவர் எவருமில்லை. தோடியின் காந்தாரத்தை அப்படி ஒப்படைத்துப் பாருங்கள். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்தசைந்து, அந்த அசைவினாலேயே தான் தோடியின் காந்தாரம் என்று தன்னைக் காட்டிக்கொள்வது. திரையில் அது மேலும் கீழுமாக நெளியும் கோடாகத் தெரியும். அயல்நாட்டுப் பன்னிரு படிகளை மட்டும் அறிந்த யந்திரமோ அந்த நெளிவைப் பிழையெனக் கொண்டு, படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு துணுக்கையும் அதன் அருகிலுள்ள படியில் உட்காரவைக்கும். சுருதி சுத்தமாக இருக்கும், தோடி இருக்காது. பாடகர் கருதாததும் எடிட்டர் கருதாததும் ஆகிய ஒன்றைப் பாடகரின் பெயரால் வெளியிடுவதை நான் பொய் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

தேர்வே செயல் என்றால் தேர்ந்தவனே கர்த்தா. ஒன்பது டேக்குகளிலிருந்து பல்லவியை எழுப்பியவர், மூச்சை எங்கே விடுவது, எந்தப் பிசிறை மன்னிப்பது என்று இரவெல்லாம் தீர்மானித்தவர், அப்பாட்டில் பாடகருக்கு அடுத்த பங்குதாரர். நம் பக்திப் பாடல் வெளியீட்டாளர்களோ பாடியவர், இயற்றியவர், பக்கவாத்தியம் வாசித்தவர், பொருளுதவி செய்தவர் வரை எல்லோரையும் அச்சிட்டுவிட்டு இவரை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வெளியீட்டாளர்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே: பதிவு கச்சேரியில் எடுத்ததா, கூடத்தில் தொகுத்ததா என்பதை அட்டையில் ஒரு வரியாகப் போடுங்கள், தொகுத்ததாயின், தொகுத்தவர் பெயரையும் பாடியவர் பெயருக்கு அடுத்தபடி போடுங்கள்.